பெரிய டர்போ போட்ட லீனியாவுக்கு எந்த ஈசியூ வாங்குவது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வண்டி 2014 ஃபியட் லீனியா டி-ஜெட். பெரிய டர்போ, பம்பருக்குப் பின்னால் வைக்கிற பெரிய இன்டர்கூலர், 440 சிசி இன்ஜெக்டர் எல்லாம் வாங்கி வைத்துவிட்டார். இலக்கு 200 குதிரைத்திறன். தினமும் மதுரைக்கு வேலைக்கு வந்து போவதும் அதே வண்டிதான். லீவு கிடைத்தால் கொடைக்கானல், என்றாவது ஒருநாள் கோவை கரி ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசை. இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர்தான் ஈசியூ. அதற்கு அவர் முன்னால் மூன்று வழி இருக்கிறது: நண்பர் விற்கிற பிக்கிபேக் பாக்ஸ், காலேஜில் படிக்கும் ஒருவர் செய்து தருவதாகச் சொல்லும் ஸ்பீடுயினோ, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஸ்டாண்டலோன் ஈசியூ. இதில் எதை எடுப்பது? அப்புறம், வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த ஸ்டாக் ஈசியூவை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறாராம், கொடுத்துவிடலாமா?

தம்பி, மூன்றையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்த ஈசியூவை ட்யூன் செய்யப்போவது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அவர் எந்தப் பெட்டியில் தினமும் வேலை பார்க்கிறாரோ, அதுதான் உங்களுக்கு நல்ல பெட்டி. நம் ஊரில் நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பெட்டி வந்துவிடும், பிறகு அதைத் தெரிந்த ஆளைத் தேடி மாதக்கணக்கில் அலைவார்கள், வண்டி ஷெட்டில் தூசி படிந்து நிற்கும். கடைசியில் பாதி தெரிந்த ஒருவர் லேப்டாப்பை மாட்டி ஏதோ ஓடுகிற அளவுக்குச் செய்து கொடுப்பார். பிஸ்டன் ரிங்லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவில் உள்ள விளிம்பு) உடைந்து வருகிற வண்டிகளில் பல இப்படி வந்தவைதான்.

உங்கள் இலக்கு 200 என்பதால், ஸ்டாக் ஈசியூவை ரீமேப் செய்வதுதான், அதாவது பெட்டியை மாற்றாமல் அதற்குள் இருக்கிற ஃபைலைத் திருத்தி எழுதுவதுதான், நான் முதலில் பார்க்கச் சொல்கிற வழி. மூன்றில் அது இல்லவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். லீனியா டி-ஜெட் கம்பெனியிலிருந்து வரும்போதே 114 பிஎஸ், 207 நியூட்டன் மீட்டர். அதில் இருப்பது பாஷ் ஈசியூ. டார்க்கை அடிப்படையாக வைத்து யோசிக்கிற வகை. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது நேராக த்ராட்டிலைத் திறப்பதில்லை. டிரைவர் இவ்வளவு டார்க் கேட்கிறார், அதற்கு இவ்வளவு காற்று வேண்டும், அதற்கு இவ்வளவு பூஸ்ட் (டர்போ ஏற்றுகிற காற்றழுத்தம்), இவ்வளவு த்ராட்டில் என்று படிப்படியாகக் கணக்குப் போட்டு இறங்கி வரும். நடுவில் எங்காவது கணக்கு உதைத்தால் த்ராட்டிலை மூடிவிடும். இந்தச் சங்கிலியை முழுக்கப் புரிந்துகொண்டு ஒவ்வொரு கண்ணியையும் திருத்தத் தெரிந்தவர் கிடைத்தால், பெரிய இன்ஜெக்டரையும் பெரிய டர்போவையும் அதே ஈசியூவில் அழகாக ஓட்டலாம். குளிர் ஸ்டார்ட், ஏசி போட்டால் ஐடில் ஏறுவது, ஃபேன், மீட்டர், சாவி இம்மொபிலைசர் என்று ஃபியட் இன்ஜினியர்கள் வருஷக்கணக்கில் செய்து வைத்த வேலை எதுவும் கெடாது.

ரீமேப் செய்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கிற ஸ்டாக் மேப் சென்சாரின் அளவு தாண்டினால் பெரிய சென்சார் போட்டு, அதன் ஸ்கேலிங்கை ஃபைலில் மாற்றுவீர்களா? புது இன்ஜெக்டரின் ஃப்ளோவையும், பேட்டரி வோல்டேஜுக்கு ஏற்ற டெட்டைமையும் (கரன்ட் கொடுத்த பிறகு இன்ஜெக்டர் திறக்க எடுத்துக்கொள்கிற நேரம்) போடுவீர்களா? இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் மேலே பேசலாம். "ஸ்டேஜ் 2 ஃபைல் இருக்கு, ஏத்தினா போதும்" என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்த ஃபைல் வேறு யாருடைய டர்போவுக்கோ எழுதியது.

இன்ஜெக்டர் கணக்கையும் இங்கேயே போட்டுவிடுவோம். டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். 200-க்கு 120 பவுண்டு. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் 30. இன்ஜெக்டரை 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 35 பவுண்டு தேவை. அது நிமிஷத்துக்கு சுமார் 370 சிசி. ஆனால் இப்போது பெட்ரோல் பங்கில் நாம் போடுவது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், இதற்கு சுமார் 13.5 தான். அதாவது அதே காற்றுக்கு 9 சதவீதம் எரிபொருள் கூட வேண்டும். 370 என்பது 400-ஐத் தாண்டிவிடும். உங்கள் 440 சரியாக இருக்கிறது, ஆனால் கையிருப்பு அதிகமில்லை. 250 குதிரை என்ற ஆசை பின்னால் வந்தால் இன்ஜெக்டரும் மாற வேண்டும்.

இன்னொன்றையும் வண்டியில் பாருங்கள். பெட்ரோல் டேங்கிலிருந்து ரெயிலுக்கு ஒரு லைன் மட்டும் வருகிறதா, திரும்பிப் போக ரிட்டர்ன் லைனும் இருக்கிறதா? ரிட்டர்ன் இல்லாமல், 3.5 பாரில் நிலையாக நிற்கிற அமைப்பு என்றால், மேனிஃபோல்டில் 1.2 பார் பூஸ்ட் ஏறும்போது இன்ஜெக்டருக்கு இரண்டு பக்கமும் உள்ள வித்தியாசம் 2.3 பார்தான். ஃப்ளோ அழுத்தத்தின் வர்க்கமூலத்தில் குறையும் என்பதால் கிட்டத்தட்ட 19 சதவீதம் போய்விடும். எந்த ஈசியூ போட்டாலும் இந்தக் கணக்கு அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பிக்கிபேக்குக்கு வருவோம். பிக்கிபேக் என்பது சென்சாருக்கும் ஸ்டாக் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலை மாற்றிச் சொல்கிற பெட்டி. பூஸ்ட் 1.0 வந்தால் 0.8 என்று சொல்லும், ஈசியூ இன்னும் ஏற்றும். காமன்ரெயில் டீசலுக்கு விற்கிற டியூனிங் பாக்ஸ் பெரும்பாலும் ரெயில் பிரஷரை இப்படித்தான் குறைத்துச் சொல்லி ஏமாற்றுகிறது. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக் மாதிரி எரிபொருள், இக்னிஷன் டைமிங் இரண்டையும் முறையாக மாற்றுகிற பிக்கிபேக்குகளும் உண்டு. டர்போ இல்லாத பைக், கார்களில் அவை நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் வண்டி வேறு. டார்க் கணக்குப் போடுகிற ஈசியூவிடம் ஒரு சென்சாரில் மட்டும் பொய் சொன்னால், மற்ற சென்சார்களோடு ஒப்பிட்டு அது கண்டுபிடிக்கும். ஆக்சிஜன் சென்சாரை வைத்து மெதுவாகப் பழைய நிலைக்கே திருத்திக்கொள்ளும், இல்லையென்றால் பவரைக் குறைத்து ஓடுகிற லிம்ப் மோடுக்குப் போகும். இன்ஜெக்டரும் டர்போவும் மாறிய பிறகு இது பொருந்தாது. நண்பர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்பீடுயினோ மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடுகிற ஓப்பன் சோர்ஸ் ஈசியூ. அதன் ப்ரோக்ராம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, செலவு குறைவு. ஒரு இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. பழைய எஸ்டீமிலோ முதல் தலைமுறை ஸ்விஃப்டிலோ கேபிள் த்ராட்டிலோடு மிதமான பூஸ்டில் டர்போ வைத்திருக்கிறவர் கேட்டால் யோசிக்காமல் சரி என்பேன். அந்தக் காலேஜ் தம்பியின் ஆர்வத்தையும் குறைத்துப் பேச மாட்டேன், அவர் தன் ப்ராஜெக்ட் வண்டியில் செய்து பழகட்டும். உங்கள் லீனியாவில் தடையாக இருப்பது எலக்ட்ரானிக் த்ராட்டில். ஸ்பீடுயினோ போர்டில் அதை ஓட்டும் வசதி கிடையாது. தனியாக ஒரு கன்ட்ரோலர் சேர்த்து ஓட்டலாம் என்பார்கள். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் பெடலில் இரண்டு சென்சார், த்ராட்டில் பாடியில் இரண்டு சென்சார். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை என்றால் அந்த நொடியே மோட்டாருக்குக் கரன்ட்டைத் துண்டித்து த்ராட்டிலை மூட வேண்டும். இந்தக் காவல் வேலை நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். காளவாசல் சிக்னலில் முன்னால் ஸ்கூட்டியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கும்போது, த்ராட்டில் தானாகத் திறக்கிற வாய்ப்பு துளிகூட இருக்கக் கூடாது.

இனி ஸ்டாண்டலோன், அதாவது ஸ்டாக் ஈசியூவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இன்ஜினைத் தனியாக ஓட்டுகிற ஈசியூ. ரீமேப் செய்ய நம்பகமான ஆள் கிடைக்கவில்லை, அல்லது இலக்கு 200-ஐத் தாண்டப் போகிறது, அல்லது இன்ஜினுக்கு முழுக் காவல் வேண்டும் என்றால் இதுதான் வழி. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க், ஸ்வீடனின் மேக்ஸ்ஈசியூ, போலந்தின் ஈசியூமாஸ்டர் இந்த நான்கையும் நம்பி வாங்கலாம். அடிப்படை வேலையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றில் ஓடுகிற இன்ஜின் இன்னொன்றிலும் அதே பவரைத் தரும். டப்பாவின் பெயரால் பத்து குதிரை கூடப் போவதில்லை.

வித்தியாசம் சின்னச் சின்ன இடங்களில் இருக்கிறது, அவை செலவைக் கூட்டும். ஈசியூமாஸ்டரின் ஈஎம்யூ பிளாக்கில் வைட்பேண்ட், அதாவது புகையில் உள்ள ஆக்சிஜனை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கிற சென்சாரின் கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கிறது, பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாரை நேராக மாட்டலாம். மேக்ஸ்ஈசியூ ஸ்ட்ரீட்டிலும் அப்படித்தான். வேறு சிலவற்றில் வைட்பேண்டுக்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டும். இக்னிஷன் காயிலிலும் ஒரு விஷயம். டிரைவர் சர்க்யூட் உள்ளேயே உள்ள காயில் ஒரு வகை, இல்லாத சாதா காயில் இன்னொரு வகை. பெரும்பாலான ஸ்டாண்டலோன்கள் சின்ன சிக்னல் மட்டும்தான் கொடுக்கும். சாதா காயிலுக்கு நடுவில் இக்னைட்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் ஈசியூவின் அவுட்புட் எரிந்துபோகும். ஈஎம்யூ பிளாக் போன்ற சிலவற்றில் சாதா காயிலையே நேராக ஓட்டும் வசதி இருக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் காயிலின் பார்ட் நம்பரை ட்யூனரிடம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். சிறிய, விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் எலக்ட்ரானிக் த்ராட்டில் கிடையாது, அதையும் டேட்டாஷீட்டில் பார்த்துவிட வேண்டும். கிராங்க் வீல் உங்கள் வண்டியில் 60-2, அதாவது 60 பல்லில் இரண்டு இல்லாதது. எல்லா நல்ல ஈசியூவும் இதைப் படிக்கும், அந்தக் கவலை வேண்டாம்.

மதுரைக்காரருக்கு நான் வைக்கிற முக்கியமான அளவுகோல் லாகிங், அதாவது வண்டி ஓடும்போது சென்சார்கள் சொல்வதைப் பதிவு செய்வது. வண்டியை ரோலரில் ஓட்டிப் பவரை அளக்கிற டைனோவுக்கு நாம் பெரும்பாலும் கோவை, சென்னை, பெங்களூரு என்று போக வேண்டியிருக்கும். அடிப்படை ட்யூன் அங்கே முடிந்தாலும், மே மாத வெயிலில் பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஏசியோடு நிற்கும்போது ஐடில் எப்படி இருக்கிறது, மார்கழி காலையில் ஸ்டார்ட் எப்படி என்பதெல்லாம் இங்கேதான் தெரியும். அதற்கு லாக் எடுத்து ட்யூனருக்கு அனுப்ப வேண்டும், அவர் திருத்தி ஃபைலை அனுப்புவார். லாக் எடுப்பது சுலபமாகவும், எல்லா சென்சாரும் ஒரே இடத்தில் பதிவாவதாகவும் இருக்க வேண்டும். நான் சொன்ன நான்கு கம்பெனியின் சாஃப்ட்வேரும் இலவசமாக டவுன்லோட் ஆகும். ஈசியூ வாங்குவதற்கு முன்பே லேப்டாப்பில் போட்டு, கூடவே வருகிற பேஸ் ட்யூனைத் திறந்து பாருங்கள். ஃப்யூயல் டேபிள் எங்கே, இக்னிஷன் டேபிள் எங்கே, லாக் எப்படித் திறப்பது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். ட்யூனரிடம் ஆரம்பத்திலேயே இன்னொன்றும் பேசிவிட வேண்டும். வேலை முடிந்ததும் ட்யூனுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவாரா, திறந்து கொடுப்பாரா? பூட்டினால் நாளைக்கு அவர் போனை எடுக்காதபோது வேறு யாராலும் கை வைக்க முடியாது. அவருடைய உழைப்பைக் காக்க நினைப்பது நியாயம்தான். ஆனாலும் வண்டி உங்களுடையது, திறந்த ஃபைலுக்கு அவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

லாக் என்ன செய்யும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். டர்போ போட்ட ஒரு ஸ்விஃப்ட்டைக் கோவையில் டைனோவில் ஏற்றினோம். 4,000 ஆர்பிஎம்மில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகித அளவு; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்) 0.80, நன்றாக இருக்கிறது. 5,000 தாண்டியதும் மெல்ல ஏற ஆரம்பித்தது, 5,500-ல் 0.88. ஈசியூ வைட்பேண்டைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் கூட்டி ஈடுகட்டியும் இந்த நிலை. பக்கத்து கோட்டில் ஃப்யூயல் பிரஷர். மேனிஃபோல்டோடு ஒப்பிட்டு நிலையாக 3.0 பார் இருக்க வேண்டியது, அதே இடத்தில் 2.2-க்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கத்துக்கு 14 சதவீதம் எரிபொருள் குறையும். அந்தச் சென்சார் இல்லாமல் லாம்டாவை மட்டும் பார்த்திருந்தால் யாராக இருந்தாலும் டேபிளில் எரிபொருளைக் கூட்டியிருப்பார்கள், நோய் உள்ளேயே இருந்திருக்கும். பம்ப் புதுசு, பெரியது. அதற்குப் போன வயர் மட்டும் பழைய மெல்லிய வயர். லோடில் பம்ப் கனெக்டரில் அளந்தால் 11 வோல்ட் சொச்சம். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் ஒரு ரிலேயும் கொடுத்ததும் பிரஷர் ஆணி அடித்த மாதிரி நின்றது.

அதனால் எந்த ஈசியூ வாங்கினாலும் ஃப்யூயல் பிரஷர், ஆயில் பிரஷர் சென்சார் இரண்டும் வையுங்கள். ஃப்யூயல் பிரஷர் இறங்கினால் பூஸ்ட்டைக் குறைத்து, இன்னும் இறங்கினால் இன்ஜினையே கட் செய்கிற பாதுகாப்பை எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு சென்சார் விலையையும் ஒரு பிஸ்டன் செட், லேத் கூலி, கேஸ்கெட் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். ஸ்டாண்டலோனை நான் ஆதரிப்பதற்குப் பெரிய காரணமே இந்தக் காவல் வேலைதான்.

நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுகிற விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், நம் ஊருக்கு அது அவ்வளவு முக்கியம். பிஎஸ்6 சாதா பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 91. லீனியாவின் கம்ப்ரஷன் 9.8, டர்போ இன்ஜினுக்கு அது கூடுதல்தான். சித்திரை வெயிலில் ரோட்டு மேல் காற்றே 40 டிகிரியை ஒட்டி நிற்கும். கோரிப்பாளையத்தில் நின்று நின்று வந்து, பாலம் தாண்டியதும் மிதித்தால், இன்டர்கூலரே சூடாக இருக்கும்போது பூஸ்ட் ஏறும். இன்ஜின் தட்டுவது அப்போதுதான். ஈசியூவில் இன்டேக் காற்றின் சூட்டுக்கு ஏற்ப இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும் டேபிள், பூஸ்ட்டைக் குறைக்கும் டேபிள் இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சூட்டைச் சரியாக அளக்கிற சென்சாரும் வேண்டும். சூடான மேனிஃபோல்டின் உலோகத்தில் முறுக்கி வைத்த சென்சார் காற்றின் சூட்டைச் சொல்லாது, உலோகத்தின் சூட்டைச் சொல்லும். இன்டர்கூலர் தாண்டி, த்ராட்டிலுக்கு முன் பைப்பில், முனை திறந்த வேகமான சென்சாரை வையுங்கள்.

நாக் சென்சார் கேட்க வேண்டிய சத்தம் சிலிண்டர் அகலத்தைப் பொறுத்தது. உங்கள் இன்ஜினின் போர் 72 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் ஏறக்குறைய 8 கிலோஹெர்ட்ஸ் வரும். ட்யூனர் அந்த அலைவரிசையை ஃபில்டரில் வைத்து, ஹெட்ஃபோனில் காதாலும் கேட்டு, எந்த ஆர்பிஎம்மில் இன்ஜினின் சாதாரண சத்தம் எவ்வளவு என்று அளந்து அதற்கு மேல் எல்லையைப் போட வேண்டும். நிறைய வண்டிகளில் நாக் சென்சார் மாட்டியிருக்கும், வயர் போயிருக்கும், இந்த வேலை மட்டும் செய்யப்பட்டிருக்காது. அப்படி இருந்தால் சென்சார் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எத்தனாலுக்கு வருகிறேன். பங்குக்குப் பங்கு கலவை மாறுமோ என்ற பயம் இருந்தால் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சார் ஒன்றை ஃப்யூயல் லைனில் சேர்க்கலாம். எத்தனால் சுத்தமாக இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால் என்றால் 150 ஹெர்ட்ஸ், நடுவில் நேர்க்கோடு. 20 சதவீதத்துக்கு 70 வரும். ஈசியூ அதைப் படித்து எரிபொருள், இக்னிஷன் இரண்டையும் தானே மாற்றிக்கொள்ளும். 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கான அளவுகோலில் ஆக்டேன் 95, அது டர்போக்காரர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் கலவை ஒரே மாதிரி வருகிறது என்று நம்பி இக்னிஷனைக் கடைசி டிகிரி வரை ஏற்றக் கூடாது. 91-க்குத் தாங்கும்படி அடிப்படை ட்யூன், ஃப்ளெக்ஸ் சென்சார் உறுதி சொன்னால் மட்டும் அதற்கு மேல் இரண்டு மூன்று டிகிரி என்றுதான் செய்யச் சொல்வேன்.

கொடைக்கானல் போகிறேன் என்கிறீர்கள், அதனால் இதையும் கேளுங்கள். மதுரையில் வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார் சுற்றி. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், அங்கே 0.78 பார் அளவுதான். ஈசியூ 1.8 பார் என்ற முழு அழுத்தத்தை இலக்காக வைத்துக்கொண்டு டர்போவின் வேகத்தை அடக்குகிற வேஸ்ட்கேட் வால்வை மூடிப் பிடித்தால், மதுரையில் டர்போ காற்றை 1.8 மடங்கு அமுக்கியது, மலை மேலே 2.3 மடங்கு அமுக்க வேண்டும். டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றும், காற்றும் கூடுதலாகச் சுடும். ஈசியூவில் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கிற தனி பாரோ சென்சார் இருக்க வேண்டும், உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட் இலக்கை இறக்கும்படி எழுதியிருக்க வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி காட் ரோட்டில் ஒருமுறை லாக் ஓடவிட்டு ஏறி, அதை ட்யூனருக்கு அனுப்புங்கள். பகுதி த்ராட்டிலில் எல்லா உயரத்துக்கும் லாம்டா எப்படி நிற்கிறது என்று ஒரே பயணத்தில் தெரிந்துவிடும்.

வயரிங்கில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கைத்திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. லாரி முழுக்க ஹார்னஸைப் பிரித்து இரவோடு இரவாகக் கட்டிக் கொடுப்பார்கள். ஆனால் ஈசியூ வயரிங்குக்கு வேறு ஒழுங்கு வேண்டும். முறுக்கி டேப் சுற்றுகிற வேலை ஆகாது, சரியான டெர்மினலைச் சரியான கிரிம்ப்பரில் அழுத்த வேண்டும். சென்சார்களின் கிரவுண்ட் எல்லாம் ஈசியூவின் சென்சார் கிரவுண்ட் பின்னுக்கே போக வேண்டும், பாடியில் எங்கோ ஒரு போல்ட்டில் கட்டக் கூடாது. ஈசியூவின் பவர் கிரவுண்ட் இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் சுரண்டிய இடத்தில். கிராங்க் சென்சார் வயர் ஷீல்டு உள்ளதாக, காயில் வயரிலிருந்து விலகி. கம்பெனி ஹார்னஸை வெட்டவே வேண்டாம். ஸ்டாக் ஈசியூவின் கனெக்டருக்குப் பொருந்துகிற எதிர்முனையை வாங்கி, அங்கிருந்து புது ஈசியூவுக்கு ஒரு அடாப்டர் ஹார்னஸ் கட்டச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் ஒரு மணி நேரத்தில் பழைய ஈசியூவுக்குத் திரும்பலாம்.

ஸ்டாண்டலோன் போட்டால் மீட்டர், ஏசி, சாவி என்னாகும் என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். லீனியாவில் ஈசியூவும் பாடி கம்ப்யூட்டரும் கேன் லைன் என்கிற தகவல் வயரில் பேசிக்கொள்கின்றன. ஈசியூவை எடுத்துவிட்டால் ஆர்பிஎம் முள், டெம்பரேச்சர் எல்லாம் செத்துவிடும், ஏசி பட்டன் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கும். புது ஈசியூவில் அதே கேன் செய்திகளை எழுதி அனுப்பலாம், அதை எழுதத் தெரிந்த ட்யூனர் வேண்டும். இதற்கு முன் ஃபியட்டில் செய்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். நம் வெயிலில் ஏசி இல்லாமல் தினமும் திருமங்கலத்திலிருந்து ஓட்ட முடியாது.

செலவு என்று பார்த்தால், இறக்குமதி வரி எல்லாம் சேர்த்து நல்ல ஸ்டாண்டலோன் லட்சத்தைத் தாண்டும். அதே அளவு பணம் வயரிங், சென்சார், வைட்பேண்ட், ட்யூனிங் கூலி, டைனோ, போக்குவரத்து என்று போகும். ஈசியூவுக்கே கையில் உள்ளதை எல்லாம் போட்டுவிட்டால் மீதி வேலை அரைகுறையாகத்தான் முடியும். கையில் மொத்தம் ஒன்றரை லட்சத்துக்குள்தான் என்றால் ரீமேப், வைட்பேண்ட், ஃப்யூயல் பிரஷர் அளவி, நல்ல பம்ப் வயரிங் இந்த நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டார்க்கைக் கீழ் ஆர்பிஎம்மில் அடக்கி வைக்கச் சொல்லுங்கள், ஸ்டாக் கனெக்டிங் ராடை வளைப்பது பெரும்பாலும் 2,500, 3,000 ஆர்பிஎம்மில் திடீரென்று வருகிற டார்க்தான். பணம் பிறகு சேர்ந்து ஸ்டாண்டலோனுக்கே போனால், ட்யூனர் எல்லாவற்றிலும் தேர்ந்தவராக இருக்கும் பட்சத்தில், உங்கள் வண்டிக்கு என் தேர்வு ஈஎம்யூ பிளாக். வைட்பேண்ட், நாக், எலக்ட்ரானிக் த்ராட்டில், காயில் டிரைவர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்குகிறது. அவர் மேக்ஸ்ஈசியூவிலோ ஹால்டெக்கிலோ கை பழகியவர் என்றால் மறுபேச்சு இல்லாமல் அதையே வாங்குங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் கிளறும். முழு பூஸ்ட் ஓட்டத்தை டைனோவிலும் ட்ராக்கிலும் வைத்துக்கொள்ளுங்கள். ரிங் ரோட்டில் லாக் எடுக்கப் போனால் மிதமான லோடுக்கு மட்டும், கூட ஒருவர் லேப்டாப்பைப் பிடித்துக்கொள்ள.

இதே கேள்வியோடு போலோ டிஎஸ்ஐ, வென்யூ டர்போ, பலேனோ ஆர்எஸ் வைத்திருக்கிறவர்களும் இருப்பார்கள். அவை பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன். இன்ஜெக்டரைத் திறக்கவே 65 வோல்ட் அளவில் அடி கொடுக்க வேண்டும், ஹை பிரஷர் பம்பையும் கேம்ஷாஃப்ட்டோடு நேரம் பார்த்து ஓட்ட வேண்டும். நான் மேலே சொன்ன பெட்டிகள் இதற்கு ஆகாது. மோடெக் எம்142 மாதிரி இதற்கென்றே செய்த ஈசியூக்கள் உண்டு, அந்த விலையும் வேலையும் ரேஸ் டீம்களுக்கானது. ரோட்டு வண்டிக்கு நல்ல ரீமேப் போதும். ஸெஸ்ட், பழைய நெக்ஸான் 1.2 டர்போ பெட்ரோல் இரண்டும் சிலிண்டருக்கு வெளியே இன்டேக் வழியில் பீய்ச்சுகிற போர்ட் இன்ஜெக்‌ஷன் என்பதால் லீனியாவுக்குச் சொன்னது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

கடைசியாக ஸ்டாக் ஈசியூ. விற்காதீர்கள். அது உங்கள் பாடி கம்ப்யூட்டரோடும் சாவியோடும் ரகசிய எண் மூலம் ஜோடி சேர்ந்தது, வேறொன்றை வாங்கி மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஜோடி சேர்க்கிற வேலையும் செலவும் தனி. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்ட நிலையில் நல்ல ஈசியூ நாளுக்கு நாள் அரிதாகும், அவர் நல்ல விலை கேட்பதும் அதனால்தான். 2029-ல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது, புகைச் சோதனைக்கு ஸ்டாக் ஈசியூவோடும் ஸ்டாக் இன்ஜெக்டரோடும் போவது நிம்மதி. ரீமேப் செய்வதாக இருந்தால், கை வைப்பதற்கு முன் ஒரிஜினல் ஃபைலை முழுதாகப் படித்து ஒரு காப்பி உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டலோன் போடுவதாக இருந்தால், ஈசியூ, ஸ்டாக் மேப் சென்சார், இன்ஜெக்டர், டர்போ எல்லாவற்றையும் ஈரம் புகாத டப்பாவில் கட்டி, வண்டி நம்பரை எழுதி வீட்டுப் பரணில் வைத்துவிடுங்கள்.